டிஸ்க் கோப்பில் 8, விஎம்மில் 14

விஎம் என்பது மெய்நிகர் இயந்திரம், ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி. விஎம்வேரில் அதற்கு டிஸ்க்காக இருப்பது விஎம்டிகே. அப்படி ஒரு விஎம்டிகே டிஸ்க்கின் விளக்கக் கோப்பைத் திறந்தால் இருபது வரி, மிஞ்சினால் இருபத்தைந்து வரி இருக்கும். பக்கத்திலேயே பெயரில் 'ஃப்ளாட்' என்று ஒட்டிக்கொண்டு பெரிய கோப்பு ஒன்று கிடக்கும். டேட்டா எல்லாம் அதில்தான். ஆனால் அந்தப் பெரிய கோப்பின் நீளம் எவ்வளவு, எந்த கன்ட்ரோலருக்காக உருவானது, மேலே தாய் டிஸ்க் ஏதாவது உண்டா என்பதெல்லாம் இந்தச் சின்னக் கோப்பில்தான் எழுதியிருக்கும். அதன் கடைசிப் பகுதியில் 'டிடிபி' என்று தொடங்கும் வரிகளுக்கு நடுவே 'டிடிபி.விர்ச்சுவல்ஹெச்டபிள்யூவெர்ஷன்' என்று ஒரு வரி வரும். எதிரே ஓர் எண்.

அந்த எண்ணைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். விஎம் ஒன்று எழுந்திருக்க மறுக்கும்போது, பலருடைய கண் நேராக அந்த வரியில் போய் நிற்கிறது. என் கண்ணும் நின்றது. அதனால் ஒரு இரவில் பாதி போனது.

நடந்தது இதுதான். எங்கள் முக்கிய ஹோஸ்ட்டில், அதாவது விஎம்களை ஓட்டும் சர்வரில், மதர்போர்டு போய்விட்டது. மாற்று போர்டு வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அதில் ஓடிக்கொண்டிருந்த விஎம்களில் ஒன்று மட்டும் அதுவரை காத்திருக்க முடியாதது. டேட்டாபேஸ் அதில் இருந்தது. கைவசம் சும்மா இருந்த ஒரே ஹோஸ்ட் பழையது, விஎம்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருளான ஈஎஸ்எக்ஸ்ஐயில் 6.0 போட்டது. போனது ஈஎஸ்எக்ஸ்ஐ 6.7. விஎம் கோப்புகள் இருக்கும் சேமிப்பிடமான டேட்டாஸ்டோரைக் கழற்றிப் பழையதில் மாட்டிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அதன் கோப்பு முறைமை விஎம்எஃப்எஸ் 6. அந்த வடிவம் 6.5-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய ஹோஸ்ட்டுகளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆகவே பேக்கப்பில் இருந்து விஎம்மின் கோப்புகளை அப்படியே எடுத்துப் பழைய ஹோஸ்ட்டின் டேட்டாஸ்டோரில் கொட்டினோம். பதிவு செய்தோம். பவர் ஆன் கொடுத்தோம். இந்த விஎம்மின் வன்பொருள் பதிப்பு இந்த ஹோஸ்ட்டுக்கு ஆகாது என்ற பொருளில் ஒரு செய்தி வந்தது, அவ்வளவுதான்.

அந்த விஎம்முக்கு இரண்டு டிஸ்க். சிஸ்டம் டிஸ்க்கின் விளக்கக் கோப்பில் பதிப்பு 8. டேட்டா டிஸ்க்கின் கோப்பில் 14. என்னோடு இருந்த நண்பர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு எட்டுங்குது, இன்னொண்ணு பதினாலுங்குது. ஒத்துப்போகல. அதான் ஏற மாட்டேங்குது" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. செய்தியிலும் பதிப்பு என்ற சொல், கோப்பிலும் பதிப்பு என்ற சொல், எண்கள் வேறு வேறு. இதைவிட என்ன சான்று வேண்டும்? டேட்டா டிஸ்க்கின் கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, 14-ஐ 11 ஆக்கினோம். ஈஎஸ்எக்ஸ்ஐ 6.0 தாங்கும் உச்சம் 11 என்பது மட்டும் நினைவில் இருந்தது. பவர் ஆன். அதே செய்தி. சிஸ்டம் டிஸ்க்கையும் 11 ஆக்கினோம். அதே செய்தி.

அதன் பிறகுதான் நிதானமாக உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தோம்.

ஒரு விஎம்மின் கோப்புகளில் 'பதிப்பு' என்ற பொருளில் வரும் வரிகள் ஒன்றல்ல, நான்கு. டிஸ்க்கின் விளக்கக் கோப்பு தொடங்கும் இடத்திலேயே 'வெர்ஷன்=1' என்று இருக்கும். அது அந்த விளக்கக் கோப்பு எந்த வடிவத்தில் எழுதப்பட்டது என்பதற்கான எண். வன்பொருளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுத்து விஎம்எக்ஸ் கோப்பு, அதாவது விஎம்மின் அமைப்புகள் இருக்கும் கோப்பு. அதில் 'கான்ஃபிக்.வெர்ஷன்' என்று ஒன்று. பல வருடங்களாக எந்த விஎம்மைத் திறந்தாலும் அதற்கு எதிரே 8 என்றுதான் பார்த்திருக்கிறேன். அது அமைப்புக் கோப்பின் வடிவத்துக்கான எண். அதற்கு அடுத்த வரி 'விர்ச்சுவல்ஹெச்டபிள்யூ.வெர்ஷன்'. இதுதான் அசல். இந்த விஎம்முக்கு எந்தத் தலைமுறை வன்பொருளைக் காட்ட வேண்டும் என்று சொல்வது இது. கடைசியாக டிஸ்க்கின் டிடிபி பகுதியில் இருக்கும் எண்.

எங்கள் விஎம்மில் இவை முறையே 1, 8, 14, அப்புறம் டிஸ்க்குகளில் 8-உம் 14-உம். கான்ஃபிக் எட்டும் சிஸ்டம் டிஸ்க்கின் எட்டும் ஒரே எண்ணாக இருந்தது வெறும் தற்செயல். ஆனால் இரவு அந்த நேரத்தில் அந்தத் தற்செயல் எங்களை இன்னும் குழப்பியது. இந்த விஎம் அடிப்படையில் எட்டு, யாரோ இடையில் பதினாலு ஆக்கியிருக்கிறார்கள் என்று ஒரு கதையே கட்டிவிட்டோம்.

உண்மை வேறு. அந்த சிஸ்டம் டிஸ்க் ஈஎஸ்எக்ஸ்ஐ 5.0 காலத்தில் பிறந்தது. பிறகு 6.7-இல் புதிய விஎம் ஒன்றை உருவாக்கி, 'ஏற்கெனவே இருக்கும் டிஸ்க்' என்று அதை இணைத்திருந்தோம். டேட்டா டிஸ்க் அங்கேயே புதிதாக உருவானது. ஆக, 8-உம் 14-உம் அந்த டிஸ்க்குகளின் பிறந்த இடத்தைச் சொல்கின்றன. இரண்டும் ஒரே விஎம்மில் மூன்று வருடத்துக்கும் மேல் எந்தச் சண்டையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அன்று இரவு எங்களுக்குத் தேவைப்பட்ட சான்று அதுவாகவே இருந்தது. மூன்று வருடமாக ஒத்துப்போகாமலே ஓடிய ஒன்று, இன்றைக்குத் திடீரென்று ஒத்துப்போகவில்லை என்பதால் நின்றிருக்க முடியாது. ஹோஸ்ட் மாறியதால்தான் நின்றது. ஹோஸ்ட் பார்ப்பது விஎம்எக்ஸ் கோப்பில் இருக்கும் எண்ணை.

இந்த எண் எதற்கு இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். விஎம்முக்கு உள்ளே ஓடும் இயங்குதளத்துக்குத் தான் ஒரு விஎம்மில் இருப்பது பெரிய விஷயமல்ல. அதற்கு ஒரு மதர்போர்டு தெரிகிறது, டிஸ்க் கன்ட்ரோலர் தெரிகிறது, நெட்வொர்க் கார்டு தெரிகிறது. ஈஎஸ்எக்ஸ்ஐ விஎம் ஒன்றுக்குள் போய் சிப்செட் எது என்று கேட்டால், 1998-இல் வந்த இன்டெல் 440பிஎக்ஸ் என்று பதில் வரும். கீழே இருக்கும் உண்மையான சர்வர் நேற்று வாங்கியதாக இருந்தாலும் சரி. உள்ளே இருப்பவருக்குத் தரை ஆடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஹோஸ்ட்டைப் புதுப்பித்த மறுநாள் காலையில் விண்டோஸ் திறந்து 'புதிய வன்பொருள் கண்டேன், டிரைவர் கொடு' என்று கேட்டால் யாருக்கும் நிம்மதி இருக்காது. ஆகவே ஒவ்வொரு தலைமுறைக்கும் என்னென்ன பாகங்கள் என்று ஒரு பட்டியலைப் பூட்டி அதற்கு ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்தான் வன்பொருள் பதிப்பு.

பட்டியல் வளர்ந்த விதத்தைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 2009-இல் ஈஎஸ்எக்ஸ் 4.0 வந்தபோது பதிப்பு 7. பிவிஸ்கஸி டிஸ்க் கன்ட்ரோலரும் விஎம்எக்ஸ்நெட்3 நெட்வொர்க் கார்டும் அதில் வந்தன. 2011-இல் ஈஎஸ்எக்ஸ்ஐ 5.0-உடன் பதிப்பு 8. 32 சிபியு, 1 டிபி நினைவகம் வரை போகலாம் என்றானது. 2013-இல் 5.5-உடன் பதிப்பு 10, அதில் சாட்டா கன்ட்ரோலர். 2015-இல் 6.0-உடன் 11. 2016-இல் 6.5-உடன் 13, அதில் என்விஎம்இ கன்ட்ரோலர். 2018-இல் 6.7-உடன் 14, அதில் மெய்நிகர் டிபிஎம் (பாதுகாப்புச் சிப்). அப்புறம் 7.0-க்கு 17, 8.0-க்கு 20, 9.0-க்கு 22.

இடையில் 12-உம் 16-உம் எங்கே போயின என்று கேட்பார்கள். அவை மேசைக் கணினியில் விஎம் ஓட்டும் விஎம்வேர் மென்பொருளான வொர்க்ஸ்டேஷன் பக்கம் வந்தவை: 12 வொர்க்ஸ்டேஷன் 12-க்கு, 16 வொர்க்ஸ்டேஷன் 15-க்கு. இந்த இடத்தில் ஒரு பழைய பழக்கம் பலரை ஏமாற்றும். வொர்க்ஸ்டேஷன் 8-க்குப் பதிப்பு 8, 9-க்கு 9, 10-க்கு 10 என்று நெடுநாள் இரண்டும் கைகோத்துப் போயின. அதனால் மென்பொருளின் எண்ணும் வன்பொருள் எண்ணும் ஒன்றுதான் என்று மனதில் பதிந்துவிட்டது. 15-இல் அது பிரிந்தது. வொர்க்ஸ்டேஷன் 17-இல் உருவாக்கும் விஎம்முக்குப் பதிப்பு 20 அல்லது 21. ஆகவே 'நான் வொர்க்ஸ்டேஷன் 17-இல் செய்தேன், 17-தானே, ஈஎஸ்எக்ஸ்ஐ 7.0-இல் போகும்' என்று எடுத்துக்கொண்டு வந்தால் போகாது.

புதிய ஹோஸ்ட் பழைய பட்டியலைத் தர முடியும். அந்த வாக்குறுதியில்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. பழைய ஹோஸ்ட் புதிய பட்டியலைத் தர முடியாது. அதற்கு அந்தப் பாகங்களே தெரியாது. ஒருவழிப் பாதை. எங்கள் விஎம் 14, ஹோஸ்ட் தாங்குவது 11 வரை. மறுப்பு நியாயமானது.

சரி, அப்புறம் என்ன செய்தோம்? விஎம்எக்ஸ் கோப்பில் 14-ஐ 11 ஆக்கினோம். இதை முறையான வழி என்று சொல்ல மாட்டேன். பதிப்பைக் கூட்டுவதற்கு மெனுவில் இடம் உண்டு, குறைப்பதற்குக் கிடையாது. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் என்ன என்று அடுத்த இரண்டு நிமிடத்தில் எங்களுக்கே தெரிந்தது.

விஎம் எழுந்தது. திரையில் லினக்ஸ் கெர்னல் வரிகள் ஓடின. நண்பர் நாற்காலியில் சாய்ந்தேவிட்டார். பிறகு ஒரு வரியில் வந்து நின்றது: என்விஎம்இ டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷனுக்காகக் காத்திருக்கிறேன் என்று. பக்கத்தில் நொடிகள் ஏறிக்கொண்டே போயின. 90 வரை காத்திருப்பதாகச் சொன்னது. ஒன்றரை நிமிடம் ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு நீளம் என்பது அப்படிக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். 90 ஆனதும், லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி கைவிட்டது. எமர்ஜென்சி மோட், ரூட் பாஸ்வேர்டு கொடு என்றது.

டேட்டா டிஸ்க்கை என்விஎம்இ கன்ட்ரோலரில் மாட்டியிருந்தோம். என்விஎம்இ கன்ட்ரோலர் பதிப்பு 13-இல் பிறந்தது. பதிப்பை 11 என்று எழுதிவிட்டோம். ஆனால் விஎம்எக்ஸ் கோப்பில் 'என்விஎம்இ0' என்று தொடங்கும் வரிகள் அப்படியே இருந்தன. பழைய ஹோஸ்ட்டுக்கு அவை பொருளில்லாத வரிகள். ஸ்கஸி வரிகள் புரிந்தன, சிஸ்டம் டிஸ்க்கைக் கொடுத்தது. மற்றதை விட்டுவிட்டது. எண்ணை மாற்றினோம், பாகத்தை மாற்றவில்லை. பெயர்ப் பலகையை மாற்றி எழுதினால் வீட்டுக்குள் இருக்கும் சாமான் மாறிவிடாது அல்லவா, அதேதான்.

தீர்வு பெரிதாக ஒன்றுமில்லை. விஎம்மை அணைத்துவிட்டு, டேட்டா டிஸ்க்கின் வரிகளை என்விஎம்இ பகுதியில் இருந்து எடுத்து, சிஸ்டம் டிஸ்க் இருக்கும் அதே பிவிஸ்கஸி கன்ட்ரோலரில் ஒன்றாம் இடத்தில் வைத்தோம். விஎம்எக்ஸ் கோப்பைக் கையால் திருத்தினால் ஹோஸ்ட் அதை மறுபடி படிக்கும்படி ரீலோட் செய்ய வேண்டும்; அதையும் செய்தோம். மறுபடி பவர் ஆன். மறுபடி அதே காத்திருப்பு! இந்த முறை காரணம் உள்ளே. எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று லினக்ஸ் பார்க்கும் எஃப்எஸ்டேப் கோப்பில், அந்தப் பார்ட்டிஷனை யூயூஐடி (அதற்கே உரிய அடையாள எண்) கொண்டு எழுதாமல், என்விஎம்இ சாதனத்தின் பெயராலேயே எழுதி வைத்திருந்தோம். ஸ்கஸிக்கு மாறியதும் அதன் பெயர் எஸ்டிபி1 ஆகிவிட்டது. எமர்ஜென்சி மோடில் நுழைந்து, பிளாக்ஐடி கட்டளை கொண்டு யூயூஐடியைக் கண்டுபிடித்து, எஃப்எஸ்டேப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தி, ரீபூட் கொடுத்தோம். டேட்டாபேஸ் எழுந்தது.

எங்களுக்கு இதில் நல்ல காலமும் இருந்தது. சிஸ்டம் டிஸ்க் ஏற்கெனவே பிவிஸ்கஸியில் இருந்ததால் அதன் டிரைவர் பூட் இமேஜுக்குள் இருந்தது. சிஸ்டம் டிஸ்க்கே என்விஎம்இயில் இருந்திருந்தால், பூட் இமேஜைக் கட்டும் டிராகட் அந்த இயந்திரத்துக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் கட்டி வைக்கும் வழக்கத்தால், ஸ்கஸி டிரைவர் இல்லாமல் ரூட் பார்ட்டிஷனே கிடைக்காமல் போயிருக்கும். அப்போது ரெஸ்க்யூ என்ட்ரியில் பூட் செய்துதான் சரிசெய்ய வேண்டும். அதில் எல்லா டிரைவர்களும் இருக்கும். விண்டோஸாக இருந்தால் நீலத் திரையும் 0x7பி என்ற எண்ணும். இரண்டிலும் கோளாறு ஒன்றுதான்: டிஸ்க் இருக்கிறது, அதை அடையும் வழி உள்ளே இருப்பவருக்குத் தெரியவில்லை.

இனி டிஸ்க்கின் கோப்பில் இருக்கும் எண்ணுக்கே திரும்புகிறேன். அது எங்கும் எதற்கும் பயன்படாது என்று சொல்லவில்லை. வொர்க்ஸ்டேஷனில் பழைய டிஸ்க் ஒன்றை இணைக்கப் போனால், புதிய வடிவத்துக்கு மாற்றட்டுமா, இருக்கிறபடியே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். மாற்று என்று சொன்னால், அதற்குப் பிறகு பழைய பதிப்புகளில் அந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முடியாமல் போகலாம். அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்பவர்கள் நிறைய. அதே டிஸ்க்கை வேறு எங்காவது திரும்ப எடுத்துப்போகும் வாய்ப்பு இருந்தால், நான் இருக்கிறபடியே வைத்துக்கொள் என்றுதான் சொல்வேன்.

இன்னொரு இடம், டிஸ்க்குகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவியான கியூஎமு-ஐஎம்ஜி. கியூகவ்2 வடிவ டிஸ்க் ஒன்றை அதைக்கொண்டு விஎம்டிகே ஆக்கினால், தனியாக எதுவும் சொல்லாதவரை விளக்கக் கோப்பில் பதிப்பு 4 என்று எழுதிவிடும். இன்றைய தேதியில் மாற்றினாலும் 4-தான். 'காம்பேட்6' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் 6. இந்த 4-ஐப் பார்த்துவிட்டு, 'இவ்வளவு பழைய டிஸ்க் எப்படி ஓடும்' என்று பதறி அதைத் திருத்த உட்காருபவர்களைப் பார்த்திருக்கிறேன். திருத்த வேண்டியது அது அல்ல. அதே கோப்பில் சில வரிகள் தள்ளி 'டிடிபி.அடாப்டர்டைப்' என்று ஒன்று இருக்கும். கியூஎமு-ஐஎம்ஜி அதற்கு எதிரே ஐடிஇ என்று எழுதியிருக்கும், அதற்கேற்ப 16 ஹெட், 63 செக்டர் என்று வடிவக் கணக்கும் போட்டிருக்கும். ஸ்கஸி கன்ட்ரோலரில் மாட்டப்போகும் டிஸ்க்குக்கு அதுதான் உண்மையில் பார்க்க வேண்டிய வரி. மாற்றும்போதே அடாப்டர் வகை எல்எஸ்ஐலாஜிக் என்று சொல்லிவிட்டால் 255 ஹெட் என்று சரியாக எழுதிக்கொள்ளும்.

விளக்கக் கோப்பில் இன்னொரு வரியும் எனக்கு முக்கியம். 'ஆர்டபிள்யூ 83886080 விஎம்எஃப்எஸ்' என்று தொடங்கி ஃப்ளாட் கோப்பின் பெயரோடு முடியும் வரி. அந்த எண் செக்டர் கணக்கு. ஒரு செக்டர் 512 பைட். பெருக்கினால் 42949672960 பைட், அதாவது சரியாக 40 ஜிபி. ஃப்ளாட் கோப்பின் அளவை எல்எஸ் கொண்டு பார்த்தால் அதே எண் பைட்டுக்குப் பைட் வர வேண்டும். வரவில்லை என்றால் அது உண்மையான பொருத்தமின்மை. கோப்பு பாதியில் நகலெடுக்கப்பட்டிருக்கலாம், அல்லது விளக்கக் கோப்பு வேறு ஒரு டிஸ்க்குக்கு உரியதாக இருக்கலாம். பேக்கப்பில் இருந்து எதை எடுத்து வந்தாலும் நான் முதலில் இந்தப் பெருக்கலைச் செய்துவிடுகிறேன்.

இத்தனை நேரம் விளக்கக் கோப்பு தனியாக இருப்பதாகவே பேசினேன். எல்லா நேரமும் அப்படி இருக்காது. வொர்க்ஸ்டேஷனில் ஒரே கோப்பாக வளரும் டிஸ்க் என்று உருவாக்கினால், விளக்கம் டிஸ்க் கோப்புக்கு உள்ளேயே புதைந்திருக்கும். கோப்பின் முதல் நான்கு பைட்டுகளைப் பார்த்தால் கே, டி, எம், வி என்று எழுத்துகள் தலைகீழாகத் தெரியும். முதல் செக்டர் தலைப்பு. வழக்கமாக அடுத்த செக்டரில் இருந்து 20 செக்டர் விளக்கத்துக்கு. இந்தக் கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்து ஓர் எண்ணை மாற்றிச் சேமித்தால் மொத்தமும் போச்சு. எடிட்டர் தனக்குப் புரியாத பைட்டுகளைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதிவிடும். அதிலும் 8-ஐ 14 ஆக்கினால் ஓர் எழுத்து கூடிவிடும். பின்னால் இருக்கும் அத்தனை டேட்டாவும் ஒரு பைட் நகரும்.

திருத்தியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் டிடி கட்டளையால் அந்த 20 செக்டரை மட்டும் வெளியே எடுத்து, திருத்தி, மீதி இடத்தைச் சுழியம் பைட்டுகளால் நிரப்பி, மொத்தம் 10240 பைட் என்று உறுதிசெய்து, அதே இடத்தில் திரும்ப எழுத வேண்டும். திரும்ப எழுதும்போது 'கான்வ்=நோட்ரங்க்' என்று சேர்க்காவிட்டால், டிடி எழுதிய இடத்தோடு கோப்பை வெட்டிவிடும். 60 ஜிபி டிஸ்க் 10 கேபி சொச்சமாகச் சுருங்கி நிற்கும். நகல் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. அதைவிட, ஒரு பதிப்பு எண்ணுக்காக இவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை எனக்கு இதுவரை வந்ததில்லை. வொர்க்ஸ்டேஷனோடு வரும் விடிஸ்க்மேனேஜரைக் கொண்டோ, ஈஎஸ்எக்ஸ்ஐயில் விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ் கொண்டோ டிஸ்க்கை நகலெடுத்தால் அவையே முறையான விளக்கத்தை எழுதிக்கொள்ளும்.

பழைய ஹோஸ்ட்டுக்குப் போக நேர்மையான வழி எது என்று கேட்டால், அந்த ஹோஸ்ட்டிலேயே அது தாங்கும் பதிப்பில் புதிய விஎம் ஒன்றை உருவாக்கி, அதற்குத் தெரிந்த கன்ட்ரோலர்களை மட்டும் கொடுத்து, இருக்கும் டிஸ்க்குகளை அதில் இணைப்பதுதான். எண்ணும் பாகமும் அப்போது சேர்ந்தே இறங்கும். நாங்கள் அன்று அப்படிச் செய்திருந்தால் அந்தக் காத்திருப்பில் ஒன்றாவது மிச்சமாகியிருக்கும். நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி மாறும், அதைப் பழையபடி போட்டுக்கொள்ள வேண்டும். பயாஸா ஈஎஃப்ஐயா என்பதைப் பழைய விஎம்எக்ஸ் கோப்பைப் பார்த்து அப்படியே வைக்க வேண்டும்.

ஆனால் இந்த வழியிலும் ஒரு குழி உண்டு. பதிப்புக் குழப்பத்தைவிட ஆயிரம் மடங்கு ஆபத்தானது. ஸ்னாப்ஷாட், அதாவது விஎம்மின் அந்த நேர நிலையை உறைய வைப்பது.

விளக்கக் கோப்பில் 'சிஐடி' (டிஸ்க்கின் உள்ளடக்க அடையாள எண்) என்றும் 'பேரன்ட்சிஐடி' என்றும் இரண்டு வரிகள் இருக்கும். தாய் இல்லாத டிஸ்க்குக்குப் பேரன்ட்சிஐடி எட்டு எஃப் எழுத்துகள். ஸ்னாப்ஷாட் எடுத்தால் புதிய குட்டி டிஸ்க் ஒன்று உருவாகும், பெயரில் 000001 என்று இருக்கும். அதன் பேரன்ட்சிஐடியும் தாயின் சிஐடியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு எழுதப்பட்ட அத்தனையும் குட்டியில் இருக்கும், தாய் உறைந்து நிற்கும். புதிய விஎம்மில் இணைக்கும்போது அவசரத்தில் தாயைத் தேர்ந்தெடுத்து பவர் ஆன் செய்துவிட்டால், விஎம் அழகாக எழும். ஆனால் ஸ்னாப்ஷாட் எடுத்த நாளில் இருந்த நிலையில் எழும். அதோடு தாயில் எழுத்து நடந்துவிடுவதால் அதன் சிஐடி மாறும். குட்டியைத் திரும்பக் கொண்டுவந்தால், தாய் மாறிவிட்டது என்று சங்கிலி ஒட்டாது. சிஐடியைக் கையால் ஒட்டவைக்க முடியும். ஆனால் உள்ளே கோப்பு முறைமை ஏற்கெனவே இரண்டு பக்கம் இழுபட்டிருக்கும். சோதனைச் சூழல் ஒன்றில் இதை நேரில் பார்த்தேன். பதிப்பு எண்ணைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதித்தவர்கள், டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க மூன்று நொடி எடுத்துக்கொண்டோம். அதிலிருந்து பழைய விஎம்எக்ஸ் கோப்பில் 'ஃபைல்நேம்' வரியில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் இணைக்கிறேன். பெயரில் 000001, 000002 என்று எது இருந்தாலும் கை நிற்கும்.

விஎம்மை வேறிடத்துக்குக் கொண்டுபோகும் பொது வடிவமான ஓவிஎஃப் ஏற்றுமதியில் இதே கதை வேறு உடையில் வரும். ஓவிஎஃப் கோப்பில் வன்பொருள் பதிப்பு 'விஎம்எக்ஸ்-14' என்ற மாதிரி எழுதியிருக்கும். பழைய ஹோஸ்ட் அந்தக் குடும்பமே தெரியாது என்று திருப்பி அனுப்பும். அதைத் திருத்தினால் பக்கத்தில் இருக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் இருக்கும் ஹாஷ் ஒத்துப்போகாது. அதையும் புதிதாகக் கணக்கிட்டு எழுத வேண்டும். ஓவிஎஃப்டூலில் உச்சப் பதிப்பு இது என்று சொல்லவே ஒரு விருப்பம் உண்டு. ஏற்றுமதி செய்யும்போதே அதைக் கொடுப்பது நல்லது. அப்போதும் என்விஎம்இ மாதிரியான பாகங்களை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

அந்த இரவுக்குப் பிறகு எங்கள் இடத்தில் மாறியது ஒன்றே ஒன்று. ஹோஸ்ட்டுகளை மொத்தமாக நிர்வகிக்கும் விசென்டரில் கிளஸ்டருக்கோ டேட்டாசென்டருக்கோ இயல்பான வன்பொருள் பதிப்பு எது என்று நிர்ணயிக்க இடம் இருக்கிறது. அதை, நம்மிடம் இருப்பதிலேயே பழைய ஹோஸ்ட் எதைத் தாங்குமோ அதில் வைத்தோம். புதிய வசதி உண்மையாகவே தேவைப்படும் விஎம்முக்கு மட்டும், ஏன் தேவை என்று குறிப்பு எழுதிவிட்டு உயர்த்துகிறோம். டிபிஎம் கேட்கும் விண்டோஸ் விஎம்கள் அப்படி உயர்ந்தவை. புதியது வந்ததும் எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றிவிட வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏற்றுவது ஒரு சொடுக்கு. இறக்க நாங்கள் பட்டதை மேலே சொன்னேன்.

மூன்றாம் நாள் மதர்போர்டு வந்தது. விஎம்மை 6.7 ஹோஸ்ட்டுக்குத் திரும்ப எடுத்துப் போனோம். பதிப்பு 11-ஆகவே இருக்கட்டும் என்று விட்டேன். டேட்டா டிஸ்க்கும் ஸ்கஸியிலேயே இருக்கிறது. அன்று இரவு 11 ஆக்கிய இரண்டு விளக்கக் கோப்புகளை மட்டும், எடுத்து வைத்திருந்த நகல்களைப் பார்த்துப் பழையபடி எழுதினேன். இப்போது திறந்தாலும் சிஸ்டம் டிஸ்க்கில் 8 என்றும் டேட்டா டிஸ்க்கில் 14 என்றும்தான் இருக்கும்.